அலர்ட் பெட்டி இலக்கணம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கலாகாது என்பது மரபு. அதனால் முதலில் அதை முடித்துவிடுவோம். நூற்பெயர் மேலே இருக்கிறது. நுதலிய பொருள்: கைப்பேசிச் செயலியில் ஏதோ வேலையாக இருக்கும்போது நடுத்திரையில் முளைத்து, பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்கி, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வழிவிடுவேன் என்று நிற்கிறதே, அந்தப் பெட்டி. எல்லை: வடக்கே ஸ்டேட்டஸ் பார், தெற்கே நேவிகேஷன் பார். வழி: ஆப்பிளும் கூகுளும் வெளியிட்ட முதல்நூல்கள், அவற்றைப் படிக்காமல் எழுதப்பட்ட எண்ணிறந்த சார்பு நூல்கள். கேட்போர்: "கோடெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு, பாப்அப்தான் வரமாட்டேங்குது" என்று இரவு ஏழு மணிக்கும் நாற்காலியை விட்டு எழாத நிரலாளர்கள். பயன்: பெட்டி வரும். வர வேண்டியதில்லை என்றால் வராது.

இத்துணைச் சிறு பொருளுக்கு ஒரு நூலா என்று கேட்பாரும் உளர். ஆண்ட்ராய்டில் 'ஷோ', ஐபோனில் 'பிரசன்ட்', ஒரே வரியில் முடிகிற காரியம் என்பது அவர்கள் கட்சி. அற்றன்று. அந்த ஒரு வரியை எழுதத் தெரியாதவர் எவரும் இல்லை. எங்கே நின்றுகொண்டு, எந்த நேரத்தில் எழுதுவது என்று தெரிந்தவர்தான் குறைவு. தொல்காப்பியர் முதற்பொருள் என்று வைத்தது இரண்டு, நிலமும் பொழுதும். பெட்டியியலுக்கும் அவையே முதல். (இதே சூட்டில் குறிஞ்சி, முல்லை என்று பெட்டிக்கு ஐந்திணையும் வகுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. டீக்கடைக்கும் டிராஃபிக் ஜாமுக்கும் ஏற்கெனவே திணை வகுத்தாகிவிட்ட நாடு இது. விட்டுவிடுகிறேன்.)

நிலம்

ஆப் ஸ்டோர் 2008இல் திறந்தபோது ஐபோன் பெட்டிக்கு நிலம் பற்றிய கவலையே இல்லை. யூஐஅலர்ட்வியூ என்று ஒன்று இருந்தது. அது தனக்கென்று ஒரு ஜன்னலைத் தானே திறந்துகொண்டு எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்காரும். இணையத்திலிருந்து தரவு கொண்டுவரும் பகுதி, கோப்பு எழுதும் பகுதி, திரை என்று ஒன்று இருப்பதையே அறியாத பகுதி என நிரலின் எந்த மூலையிலிருந்து யார் அழைத்தாலும் வரும். இரண்டு பேர் அடுத்தடுத்து அழைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மேலதை மூடினால் கீழது முகம் காட்டும். மூத்த நிரலாளர்கள் இதைப் பொற்காலம் என்பார்கள்.

2014இல் ஐஓஎஸ் 8 வந்தது. கூடவே யூஐஅலர்ட்கன்ட்ரோலர் வந்தது. இது தானாக நிற்காது. வியூ கன்ட்ரோலர், அதாவது ஒரு திரைக்குப் பொறுப்பானவர், முன்வந்து அழைத்து வந்தால்தான் தோன்றும். அப்படி அழைப்பவரின் திரையும் அந்த நொடியில் ஜன்னலில் ஏறியிருக்க வேண்டும். மறு ஆண்டே, ஐஓஎஸ் 9இல், பழைய பெட்டி முறைப்படி ஓய்வுபெற்றது. அன்று தொட்டு, ஜன்னல் படிநிலையில் இல்லாத ஒருவர்மேல் பெட்டியைக் காட்ட முயன்றாய் என்ற குற்றச்சாட்டை எக்ஸ்கோடின் கன்சோலில் படிக்காத ஐபோன் நிரலாளர் இருக்க முடியாது. இதில் நுட்பம் என்னவென்றால் செயலி விழாது. பெட்டியும் வராது. கன்சோலில் ஒரு வரி முனகல், அவ்வளவுதான். பயனர் ஒன்றும் நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு உரையாசிரியர்கள் ஒரு பரிகாரம் சொல்வர். ரூட் வியூ கன்ட்ரோலரைப் பிடி. அது வேறு யாரையாவது பிரசன்ட் செய்திருக்கிறதா பார். இருந்தால் அவரைப் பிடி. இப்படியே போய் உச்சியில் இருப்பவர் தலையில் பெட்டியை ஏற்று. பலிக்கும். ஆனால் உச்சியில் இருப்பவரே சில சமயம் இன்னொரு அலர்ட் பெட்டியாக இருப்பார். நிரல் அவரை இறக்கும்போது அவர் தலைமேல் ஏறியவரும் சேர்ந்தே இறங்குவார். உச்சிக்குப் போகாமல் பழைய ஆளையே அழைத்தாலோ, அவர் ஏற்கெனவே ஒருவரைக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று மறுபடி முனகல். முந்தி வந்த பெட்டி நிற்கும், பிந்தி வந்தது போன இடம் தெரியாது. எனவே பெட்டிகளை வரிசையில் நிறுத்தி ஒன்றை மூடிய பின் அடுத்ததைக் காட்டுகிற ஒரு பகுதியை நிரலாளரே எழுத வேண்டும். பழைய யூஐஅலர்ட்வியூ இதையெல்லாம் கேட்காமலே செய்துகொடுத்தது என்பதை மூத்தோர் இந்த இடத்தில் நினைவூட்டத் தவறமாட்டார்கள்.

ஆண்ட்ராய்டில் நிலத்துக்குப் பெயர் ஆக்டிவிட்டி, பட்டாவுக்குப் பெயர் டோக்கன். பெட்டி கட்டும்போது கான்டெக்ஸ்ட் என்று ஒன்றைக் கொடுக்க வேண்டும். கையில் எது கிடைத்ததோ அதைக் கொடுப்பது மனித இயல்பு. எங்கிருந்தும் எளிதாகக் கிடைப்பது அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட். அது புறம்போக்கு. அதன்மேல் பெட்டி எழுப்பினால் பேட்டோக்கன்எக்செப்ஷன் என்ற பெயரில் செயலியே இடிந்து விழும். ஆப்பிள் முனகும், கூகுள் வீழ்த்தும் என்ற இந்தக் குணபேதம் ஆய்வுக்குரியது. என்னைக் கேட்டால் வீழ்த்துவதே மேல் என்பேன். விழுந்த செயலியை உடனே சரிசெய்வார்கள். முனகியதைக் கவனிக்காமலே கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

டோஸ்ட் என்ற துண்டுச் செய்தி மட்டும் புறம்போக்கிலும் நிற்கும். குட்டை டோஸ்ட் 2 வினாடி, நெட்டை டோஸ்ட் 3.5 வினாடி. அதற்குள் தானே காலி செய்துவிடும் என்பதால் யாரும் பட்டா கேட்பதில்லை.

ஐபேட் தனி வட்டம். ஐபோனில் திரையின் அடியிலிருந்து எழும் ஆக்ஷன் ஷீட், ஐபேடில் ஏதாவது ஒரு பொத்தானைச் சுட்டிக்கொண்டு குமிழாகத் தோன்றும். எதைச் சுட்டுவது என்று சொல்லாமல் விட்டால் செயலி விழும். இங்கே ஆப்பிளும் முனகுவதில்லை. ஐபோனை மட்டும் கையில் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரிய வருவது ஐபேட் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் மூலமாகத்தான்.

பொழுது

நிலம் சரியாக இருந்தும் பொழுது தவறினால் பெட்டி வராது. வியூடிட்லோட் என்ற கட்டத்தில் திரை நினைவகத்தில் தயாராகிவிடும், ஜன்னலில் ஏறியிருக்காது. பாடநூல்களில் முதலில் கற்றுத்தரும் கட்டம் அதுதான் என்பதால் எல்லோரும் முதல் பெட்டியை அங்கேதான் வைப்பார்கள். வியூடிட்அப்பியருக்குத் தள்ளிவைத்தால் வரும். நன்றாகவே வரும். வேறு திரைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வரும், ஏனென்றால் திரை தோன்றும்போதெல்லாம் அந்தக் கட்டம் நடக்கிறது. ஒரு தடவை காட்டியாயிற்று என்று எங்காவது குறித்துவைத்தால் ஒழியத் தீராது. ஃபிளட்டரிலும் இதே கதை. இனிட்ஸ்டேட்டில் அழைத்தால் சிவப்புத் திரை. முதல் ஃபிரேம் வரைந்து முடித்த பின் அழை என்று போஸ்ட்ஃபிரேம்கால்பேக்கில் வைத்தால் அமைதி.

ஆண்ட்ராய்டில் பொழுதுக்குப் பகை கைப்பேசியைச் சாய்ப்பது. நெட்டுக்குத்தாக இருந்ததைப் படுக்கையாகத் திருப்பினால், வேறு ஏற்பாடு செய்திராவிட்டால், இயங்குதளம் அந்த ஆக்டிவிட்டியை அழித்து இன்னொன்றைப் புதிதாகக் கட்டுகிறது. அதன்மேல் நின்ற பெட்டிக்குப் பிடிமானம் போய்விடும். ஜன்னல் கசிந்தது என்று பதிவேட்டில் ஒரு நீண்ட ஒப்பாரி இருக்கும். பயனருக்குத் தெரிவது இவ்வளவுதான்: இப்போது இருந்தது, இப்போது இல்லை. இதைத் தீர்க்கவென்றே 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 டயலாக்ஃபிராக்மென்ட்டைக் கொண்டுவந்தது. சாய்த்தாலும் தன்னைத் தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும் பெட்டி. ஆனால் அதற்கும் ஒரு ராகுகாலம் உண்டு. செயலி பின்னணிக்குப் போகும்போது தன் நிலையைச் சேமித்துவிடும். சேமித்த பிறகு புதிய ஃபிராக்மென்ட்டைக் காட்டச் சொன்னால் இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன். இது எப்போதோ நடக்கிற சங்கதி என்று எண்ணற்க. ஓடிபி பார்க்க மெசேஜ் பக்கம் போகாத இந்தியர் யார்? அவர் அந்தப் பக்கம் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போது சர்வரிலிருந்து பதில் வந்து சேரும். வந்த பதிலைப் பெட்டியில் போட்டுக் காட்ட நிரல் துடிக்கும். செயலி விழும். பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் அவர் திரும்பி வருவார். சாதாரணப் பெட்டியாக இருந்து, ஆக்டிவிட்டியே முடிந்துபோயிருந்தால், விழும்போது ஆண்ட்ராய்டு ஒரு கேள்வியும் கேட்கும்: உன் ஆக்டிவிட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா? பெட்டியைக் காட்டுமுன் நிரலாளர் தன்னைத் தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மெயின் த்ரெட் பற்றி நீட்டுவதற்கில்லை. திரையைத் தொடும் வேலை எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். பின்னணி த்ரெட்டிலிருந்து பெட்டி எழுப்பினால் ஆண்ட்ராய்டு லூப்பர் இல்லை என்று விழும். ஐபோன் விழலாம், அல்லது தன் சௌகரியப்படி எப்போதாவது காட்டலாம். சரி, எல்லா வேலையையும் மெயின் த்ரெட்டிலேயே வைத்துவிட்டால் வம்பில்லையே எனின், பயனர் தொட்டு 5 வினாடி வரை செயலி அசையாவிட்டால் ஆண்ட்ராய்டே ஒரு பெட்டி காட்டும்: இந்தச் செயலி பதிலளிக்கவில்லை, மூடவா, காத்திருக்கவா? ஒரு பெட்டியைக் கூடச் சரியாகக் காட்டத் தெரியாத செயலிக்கும் தன்னைப் பற்றிய பெட்டி ஒன்று வாய்க்கிறது.

பொழுதில் இன்னொரு நுட்பம் உண்டு. விஷுவல் பேசிக்கில் வளர்ந்தவருக்கு மெசேஜ்பாக்ஸ் என்றால் அந்த வரியிலேயே நிரல் நின்று, பயனர் பதில் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போகும் என்று ரத்தத்தில் ஊறியிருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் அலர்ட்டும் அப்படித்தான் வழிமறிக்கும். 2019இல் ஜப்பானின் ஹியோகோ மாகாணக் காவல்துறை, மூடமூட முளைக்கும் அலர்ட் கொண்ட பக்கம் ஒன்றின் இணைப்பைப் பகிர்ந்ததற்காக ஒரு பள்ளிச் சிறுமியை விசாரிக்கும் அளவுக்கு அந்த வழிமறிப்பு புகழ்பெற்றது. கைப்பேசியில் அப்படியில்லை. 'ஷோ' என்ற வரி பெட்டியைக் காட்டச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் பிறகு, பொத்தானோடு கட்டிய செயல்கூறில் வரும். இது தெரியாமல் 'அழிக்கவா' என்று பெட்டி காட்டும் வரிக்குக் கீழேயே அழிக்கும் வரியை எழுதியவர்கள் உண்டு. பயனர் கேள்வியைப் படித்து, யோசித்து, வேண்டாம் என்று அழுத்துவார். படம் அழிந்து சில வினாடி ஆகியிருக்கும்.

பொத்தான்

கருப்பொருளாவன தலைப்பு, செய்தி, பொத்தான். முதல் இரண்டையும் யாரும் படிப்பதில்லை ஆகலின் மூன்றாவதை மட்டும் ஆராய்வோம்.

ஆப்பிளின் லிசா கணினி 1983இல் வெளிவருமுன் புதியவர்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். சம்மதப் பொத்தானில் அப்போது ஓகே இல்லை. 'செய்' என்ற பொருளில் 'டு இட்' என்று எழுதியிருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவே இடம் நெருக்கம், ஐ என்ற பெரிய எழுத்து எல் போலத் தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் அதை 'டோல்ட்' என்று, அதாவது முட்டாள் என்று, படித்துவிட்டு இந்த மென்பொருள் ஏன் என்னைத் திட்டுகிறது என்று நொந்துகொண்டாராம். கொச்சையாக இருக்கிறது என்று முன்பு ஒதுக்கிய ஓகேயை அதன்பின் ஏற்றார்கள் என்பது ஆப்பிளில் பணிபுரிந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதிவைத்த வரலாறு.

தமிழில் இதற்கு நிகரான சிக்கல் பயணச்சீட்டுச் செயலிகளில் கிடைக்கும். "டிக்கெட்டை ரத்து செய்யவா?" என்று கேள்வி. கீழே இரண்டு பொத்தான்: "சரி", "ரத்துசெய்". ரத்தை ரத்து செய்வதா, டிக்கெட்டை ரத்து செய்வதா என்று ஊகிக்கப் பயனருக்கு மீமாம்சைப் பயிற்சி வேண்டும். ஆப்பிளின் வழிகாட்டி பொத்தானில் வினைச்சொல்லையே எழுதச் சொல்கிறது. "டிக்கெட்டை ரத்து செய்", "டிக்கெட் இருக்கட்டும்" என்று எழுத யாரும் காசு கேட்கப்போவதில்லை.

எது இடம், எது வலம் என்பதிலும் மரபு மாறியிருக்கிறது. ஆண்ட்ராய்டு 4.0 வரும் வரை சம்மதம் இடப்பக்கம், மறுப்பு வலப்பக்கம். பிறகு தலைகீழ். ஆனால் ஆண்ட்ராய்டு பொத்தானுக்குத் திசையைக் கேட்காமல் குணத்தைக் கேட்கிறது: பாசிட்டிவ், நெகட்டிவ், நியூட்ரல். ஐபோனிலும் குணம்தான். கேன்சல் குணமுள்ள பொத்தான் ஒன்றுக்கு மேல் வைத்தால் செயலி விழும். அழிவு தரும் பொத்தானுக்கு டிஸ்டிரக்டிவ் என்று பெயரிட்டால் அது தானே சிவக்கும். இன்னொன்று: ஆண்ட்ராய்டில் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் பெட்டி மூடிக்கொள்ளும். உள்ளே கடவுச்சொல் கேட்டு, தவறாக இருந்தால் பெட்டி நிற்க வேண்டும் என்று விரும்பினால், பெட்டியைக் காட்டிய பிறகு பொத்தானைத் தேடிப்பிடித்து அதன் கேட்குநரை மாற்ற வேண்டும். வெளியே தொட்டாலும் பின்செல் பொத்தானை அழுத்தினாலும்கூட மூடும், செட்கேன்சலபிள் பொய் என்று சொல்லாதவரை.

வினா

இனித்தான் நூலின் உயிர்நிலை. பெட்டி கேட்பது எத்தகைய கேள்வி? 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்துவிட்டார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கலிஃபோர்னியாவின் வழிகாட்டிகள் எதிலும் இந்த வகைப்பாடு இல்லாதது அவர்களுக்குத்தான் நட்டம்.

கேமரா தருவீரா, இருப்பிடம் தருவீரா என்பன கொளல் வினா, கடையில் பருப்பு இருக்கிறதா என்று வாங்குவதற்காகக் கேட்பதுபோல. ஐபோனில் இதை ஒரு தடவைதான் கேட்க முடியும். மறுத்தால் மறுபடி அந்தப் பெட்டி வராது, பயனரே செட்டிங்ஸுக்குப் போனால்தான் உண்டு. ஏன் கேட்கிறாய் என்ற காரணத்தை எழுதிவைக்காமல் கேமராவைத் தொட்டால் ஐஓஎஸ் 10 முதல் செயலியே விழும். ஆண்ட்ராய்டு 11, 2020 முதல், இரண்டு மறுப்பை இனிக் கேட்காதே என்று எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட அருமையான வாய்ப்பை, செயலியைத் திறந்த மாத்திரத்தில், அது என்ன செயலி என்று பயனர் அறியுமுன்பே செலவழிக்கும் வழக்கத்தை எந்த இலக்கணத்தாலும் காக்க முடியாது. படம் எடுக்கும் பொத்தானைத் தொடும்போது கேமரா கேட்டால் தராதவர் யார்?

கொடை வினா என்பது தருவதற்காகக் கேட்பது. "உங்களுக்கான சிறப்புச் சலுகைகள் வேண்டாமா?" என்பது தோற்றத்தில் கொடை, உள்ளே அறிவிப்பு அனுமதி கேட்கும் கொளல். கீழே "வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாவது பிடிக்காது" என்று மறுப்புப் பொத்தான் இருந்தால், அதற்கு இந்தியச் சட்டத்திலேயே பெயருண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் பட்டியலிடும் 13 இருண்ட உத்திகளில், மறுப்பவரை வெட்கப்படவைப்பது ஒன்று, நச்சரிப்பது ஒன்று, குழப்பும் கேள்வி ஒன்று. நன்னூலார் விட்ட இடத்தை அரசிதழ் நிரப்பியிருக்கிறது.

ஒரே ஒரு "புதுப்பி" பொத்தானோடு வரும் "புதிய பதிப்புக்கு மாறிவிட்டீர்களா?" ஏவல் வினா. "உங்கள் பிறந்த தேதி என்ன?" அறியா வினா; அதற்குப் படிவம் இருக்கிறது, பெட்டி எதற்கு? "இதே பெயரில் கோப்பு இருக்கிறது. பழையதை மாற்றவா, இரண்டையும் வைக்கவா?" என்பது ஐய வினா. குற்றியோ மகனோ என்று மயங்குவதைப்போலச் செயலி உண்மையாகவே மயங்கும் இடம் அது. பெட்டி வைக்கத் தகுந்த இடமும் அதுவே என்பது என் துணிபு.

எஞ்சியது அறிவினா. விடையை ஏற்கெனவே அறிந்தவர் கேட்பது. பயனர் 'அழி' என்று அழுத்திய கணத்திலேயே பதில் சொல்லிவிட்டார். அதன்பின் "நிச்சயமாகவா?" என்று கேட்பது ஆசிரியர் மாணவனைக் கேட்பதுபோன்றது. கேட்டால் பயனர் நிதானிப்பார் என்பது நம்பிக்கை. 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு ஹவாய் தீவுவாசிகளின் கைப்பேசிகளுக்கு ஏவுகணை வருகிறது என்று எச்சரிக்கை போயிற்று. அது பொய் என்ற மறுசெய்தி கைப்பேசிகளுக்குப் போக 38 நிமிடம் ஆனது. பின்னர் நடந்த விசாரணையில், மென்பொருள் நிச்சயமாக அனுப்பவா என்று கேட்டதும் ஊழியர் ஆம் என்று அழுத்தியதும் தெரியவந்தன. நடப்பது பயிற்சி என்பதை உணராமல், தாக்குதல் உண்மை என்றே அவர் நம்பியிருந்தார். நிச்சயமாக இருப்பவரிடம் நிச்சயமா என்று கேட்டு என்ன பயன்? மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 2000இல் எழுதிய நூலில் இதைத்தான் வேறு வழியில் சொல்கிறார்: எப்போதும் கேட்கப்படும் உறுதிக் கேள்விக்கு விரல் பழகிவிடும், அழிப்பதும் ஆம் என்பதும் சேர்ந்து ஒரே அசைவாகிவிடும். அவர் பரிந்துரைப்பது செய்ததை மீட்கும் வசதி. ஜிமெயில் 2009இல் சோதனையாகவும் 2015இல் எல்லோருக்குமாகவும் தந்த, அனுப்பிய அஞ்சலைச் சில வினாடிக்குள் திரும்பப் பெறும் வசதி அந்த வகை. அங்கே கேள்வி இல்லை, ஆகவே பெட்டியும் இல்லை. நிலம், பொழுது, டோக்கன், லூப்பர் ஒன்றும் தேவையில்லை.

விடை

வினா ஆறு என்ற நன்னூலார் விடை எட்டு என்றார். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி. ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் சுற்றிவளைத்துப் பொருள் தருவன. பெட்டியில் நேருக்கும் மறைக்கும்தான் பொத்தான். "பிறகு நினைவூட்டு" என்ற நியூட்ரல் எந்த வகையிலும் அடங்காது. அதற்கு ஒன்பதாம் விடை என்று புதுச் சூத்திரம் செய்ய வேண்டும்.

ஆனால் பயனர்கள் பேசுவது எட்டு வகையிலும்தான். அப்டேட் செய்யவா என்று செயலி கேட்டால் "இன்னைக்கு டேட்டா தீர்ந்துரும்" என்பது உறுவது கூறல். "போன தடவை பண்ணித்தான் போனே ஹேங் ஆச்சு" என்பது உற்றது உரைத்தல். ஐந்து நட்சத்திரம் தருவீர்களா என்றால் "எதுக்கு?" வினாதல். லொகேஷனை ஆன் செய்கிறீர்களா என்றால் "நீயே பண்ணிக்கோ" ஏவல். காண்டாக்ட்ஸைப் பார்க்கலாமா என்றால் "போட்டோ வேணா பாத்துக்கோ" இனமொழி. பேருந்திலும் வங்கி வரிசையிலும் இவை வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன.

எட்டு விடைக்கும் எட்டுப் பொத்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால் செய்துகொடுக்க வழியுண்டு. ஐபோனில் பொத்தான்களை அடுக்கிக்கொண்டே போகலாம், இடம் போதாவிட்டால் உருட்டிப் பார்த்துக்கொள்ளும்படி ஆகும். ஆண்ட்ராய்டில் மூன்றுக்கு மேல் பொத்தான் கிடையாது. செட்ஐட்டம்ஸ் என்று பட்டியலாகத் தர வேண்டும். அப்போது செட்மெசேஜில் கேள்வியை எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து வராது. கேள்வி தெரிந்தால் விடைப் பட்டியல் தெரியாது.